எந்த உப்புத் தண்ணீர்?

"உப்புத் தண்ணியிலையும் கறள் பிடிக்காத உலோகம் கண்டுபிடிச்சிட்டாங்களாம், மாமா." மருமகன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற பொறியியல் பீடத்தில் படிக்கிறான். இப்படியான செய்திகளைக் காட்டிவிட்டு என் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோசம். உயர் எந்திரப்பிக் கலப்புலோகம் (high-entropy alloy), ஐந்து உலோகங்கள் சம பங்கு, கடல் நீரில் கறையில் உருக்கையே (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தோற்கடிக்கும் என்ற மாதிரி எழுதியிருந்தது. "எந்த உப்புத் தண்ணி எண்டு போட்டிருக்கோ?" என்று கேட்டேன். "உப்புத் தண்ணி எல்லாம் உப்புத் தண்ணிதானே" என்றான். சாப்பாடு வந்தது, பேச்சு மாறியது. எனக்கு மட்டும் அந்தப் பதில் செரிக்கவில்லை.

முல்லைத்தீவுக் கடல் உப்புத் தண்ணீர்தான். அதை ஒட்டிய களப்பான நந்திக்கடலும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் மாரியில் குளங்கள் வான் பாய்ந்து வந்து விழும்போது அதன் உவர்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டினால் மறுபடி கடலோடு சேரும், மழையில்லாத மாதங்களில் சுண்டிச் சுண்டிக் கைக்கும். சுண்டிக்குளம், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஆனையிறவில் உப்பு விளைகிற பாத்திக்குள் நிற்பது வேறொரு தண்ணீர். கடலைவிட ஏழு மடங்கு உப்பு. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் விளக்கெரிவதும் கடலில் எடுத்து வந்த உப்புத் தண்ணீரில்தான்; அதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிறவன். கறள் பற்றிய அலகு வரும்போது வன்னிப் பிள்ளைகளுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. போர் முடிந்து வந்த வருடங்களில் பழைய இரும்பு பொறுக்கித்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிந்தது. 2006 டிசம்பரில் அரிசியோடு வந்து முல்லைத்தீவுக் கரையோரம் தட்டி நின்ற ஜோர்தான் கப்பல் பாரா-3 இருந்ததே, அதன் அரிசிக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். மீளக்குடியேறிய பிறகு அதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் பட்டது வேறு: அலை அடித்து அடித்துக் காய்கிற இடத்தில் தகடு ஓட்டை ஓட்டையாகப் போயிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தவர்கள் அடித்தகடு இன்னும் உரம் என்றார்கள். ஒரே கப்பல், ஒரே இரும்பு, ஒரே கடல். அப்போது அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

தலைவன் இல்லாத கலவை

சரி, அந்த உலோகத்துக்கு வருவோம். இதுவரை நாம் கண்ட கலப்புலோகங்கள் எல்லாவற்றிலும் ஒரு தலைவன் இருப்பான். வெண்கலத்தில் செம்பு, அதோடு கொஞ்சம் வெள்ளீயம். உருக்கில் இரும்பு, அதோடு சொட்டுக் காபன். 1913-இல் ஷெஃபீல்டில் ஹரி பிரேர்லி செய்த கறையில் உருக்கும் அப்படித்தான்: இரும்பு பெரும்பங்கு, குரோமியம் பத்து வீதத்துக்குச் சற்று மேலே போனதும் கறள் நின்றது. 2004-இல் இரண்டு பேர் தனித்தனியாக இந்த வழக்கத்தை உடைத்தார்கள். தாய்வானில் யே ஜியன்-வெய், இங்கிலாந்தில் பிரையன் கன்டோர். தலைவனே வேண்டாம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மூலகங்களைக் கிட்டத்தட்டச் சமமாகப் போட்டு உருக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கன்டோர் ஆசையில் இருபது மூலகங்களை ஐந்தைந்து வீதம் போட்டுப் பார்த்தாராம். வந்தது படபடவென்று உடைகிற, உள்ளே பல விதமான அமைப்புகள் (நிலைமைகள், phases) கலந்து கிடந்த கட்டி. ஆனால் அதற்குள்ளே குரோமியம், மங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் கூடியிருந்த ஒரு பகுதி ஒழுங்கான ஒரே பளிங்கமைப்பில் இருந்தது. அந்த ஐந்தை மட்டும் சமமாகப் போட்டுச் செய்ததுதான் இன்று கன்டோர் கலப்புலோகம் என்று பேசப்படுவது.

எங்கள் பக்கத்து ஒடியல் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போகும். இன்னதுதான் கறி, மற்றது சேர்மானம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூழில் நண்டு நண்டாகவே கிடக்கும், கடித்தால் தெரியும். உயர் எந்திரப்பிக் கலப்புலோகம் நினைத்த மாதிரி அமைந்தால் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்தில் எது நிற்கும் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கலந்திருக்கும். அந்தக் கலப்பின் அளவுதான் எந்திரப்பி. ஐந்து மூலகம் சம பங்காக இருந்தால் கலத்தல் எந்திரப்பி வாயு மாறிலியின் 1.61 மடங்கு. சரி சமமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வரைவிலக்கணத்தில் ஒவ்வொரு முதன்மை மூலகமும் அணு வீதத்தில் 5-இலிருந்து 35 வரை இருக்கலாம்.

இதுவரை அழகு. சிக்கல் "நினைத்த மாதிரி அமைந்தால்" என்பதில் இருக்கிறது. செம்பைச் சேர்த்தால் அது மற்றவர்களோடு ஒட்டாமல், உருகியது உறையும்போது ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். 2005-இலேயே தாய்வான்காரர் இரும்பு, கோபால்ட், நிக்கல், குரோமியத்தோடு செம்பைக் கூட்டிக் கூட்டி உப்பு நீரில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்: செம்பு ஒதுங்கிய இடங்களிலே அரிப்பு தொடங்கியது. அலுமினியத்தைக் கொஞ்சம் போட்டால் பரவாயில்லை. கூடப் போட்டால் அலுமினியமும் நிக்கலும் கூடிய, குரோமியம் குறைந்த இன்னொரு நிலைமை உள்ளே முளைக்கும், உப்பு நீர் அதைத்தான் முதலில் தேடிப் போய்த் தின்னும். பெயரில் எந்திரப்பி உயர்ந்திருக்கும், தகட்டுக்குள்ளே இரண்டு உலோகம் ஒன்றையொன்று அரித்துக்கொண்டிருக்கும்.

எந்திரப்பி நேரடியாகக் கறளை எதிர்ப்பதில்லை. பத்திரிகைகள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. கறளை எதிர்ப்பது மேலே படிகிற சில நனோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலம், அதிலும் முக்கியமாகக் குரோமிய ஒட்சைட்டு. கன்டோர் கலப்புலோகத்தில் குரோமியம் நிறையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 18.5 வீதம். எங்கள் வீட்டுச் சட்டி பானைக்கு வருகிற 304 வகைக் கறையில் உருக்கிலும் அது 18 வீதம். ஆக அந்த ஐந்து பேர் கூட்டணி குரோமிய விசயத்தில் எங்கள் குசினிச் சட்டியைவிடப் பணக்காரனில்லை. போதாததற்கு மங்கனீசு படலத்தைப் பலவீனப்படுத்துகிறது. சல்பூரிக்கமிலத்தில் வைத்துப் பார்த்தபோது கன்டோர் கலப்புலோகம் 304-க்குப் பின்னால்தான் நின்றது. அது பெயர் வாங்கியது வேறொரு விசயத்தில்: திரவ நைதரசன் குளிரிலும் வெடிக்காத உறுதி. முல்லைத்தீவில் அந்தக் குளிருக்கு வாய்ப்பில்லை.

இதற்காக இந்தக் குடும்பமே உதவாது என்று தள்ளிவிடவும் முடியாது. தலைவன் இல்லாததால் வருகிற சுதந்திரம் உண்மையானது. கறையில் உருக்கில் மொலிப்டினத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால் உடையக்கூடிய நிலைமைகள் பிரிந்து தொல்லை கொடுக்கும். இங்கே கூட்டிப் பார்க்க இடம் அதிகம். கோபால்ட், குரோமியம், இரும்பு, நிக்கல், டைட்டேனியம் கலவை உப்பு நீரில் குழி விழுந்தது. மொலிப்டினத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் குழி விழவில்லை என்று 2010-இல் காட்டினார்கள். 2018-இல் நிக்கல், குரோமியம், இரும்பு, ருதேனியம், மொலிப்டினம், டங்ஸ்டன் ஆறையும் கணினியில் கணக்குப் போட்டு ஒரு கலவை செய்தார்கள். கடுமையான குளோரைட்டுக் கரைசல்களிலும் அது அசையவில்லை. ருதேனியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம். அதில் ஒரு நங்கூரம் செய்தால் கப்பலை விற்று நங்கூரத்தை வாங்க வேண்டிவரும். கோபால்ட் மட்டும் என்ன மலிவா? உலகத்துக்கு வருகிறதில் பெரும்பங்கு கொங்கோவிலிருந்து வருகிறது, அந்தச் சுரங்கங்களின் கதை தனிப் பதிவுக்குரியது.

முகவைக்குள் ஒரு கடல்

இந்த ஆய்வுகளில் "கடல் நீர்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 3.5 வீதச் சோடியங்குளோரைட்டுக் கரைசல். சுத்தமான தண்ணீரில் சுத்தமான உப்பு. ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவு தகட்டை வழவழவென்று தேய்த்து, முகவைக்குள் (ஆய்வுகூடக் கண்ணாடிக் குவளை) இறக்கி, 25 பாகையில் வைத்து, கொஞ்ச நேரம் அமைதியாக விட்டு, பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். மின்னோட்டம் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அங்கே படலம் உடைந்து குழி விழத் தொடங்கியது என்று பொருள். காலையில் தொடங்கினால் பின்னேரம் தேநீருக்கு முன் வளைகோடு கையில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்துக் கலவையை ஒரே நிபந்தனையில் ஒப்பிட வேறு வழியில்லை, எல்லோரும் ஒரே கரைசலைப் பாவித்தால்தான் தாய்வானில் எடுத்த எண்ணை ஜேர்மனியில் எடுத்த எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் கடலில் மகனீசியம், கல்சியம், சல்பேற்று எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, கடலுக்குள் உயிர் இருக்கிறது. கறையில் உருக்கை இயற்கையான கடல் நீரில் கட்டித் தொங்கவிட்டால் சில நாள்களிலேயே மேலே நுண்ணுயிர்ப் படலம் ஒன்று பூத்துவிடும். அந்தப் படலம் உலோகத்தின் மின்னழுத்தத்தை மேலே தூக்கிவிடுகிறது. அதாவது குழி விழுகிற எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துகிறது. முகவைக்குள் இருக்கும் உப்புக் கரைசலில் அது நடக்காது. ஆகவே முகவையில் நல்ல பிள்ளையாக இருந்தது கடலிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெப்பநிலையையும் பாருங்கள். எங்கள் கடல் 25 பாகையில் நிற்கிற நாள் அரிது, ஆழமில்லாத நந்திக்கடல் மத்தியானத்தில் கால் வைக்கவே சுடும். குழி விழுவது சூட்டோடு கூடுகிற விசயம்.

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஆனா நல்ல உலோகம் எங்கை போட்டாலும் நல்லாத்தானே நிக்கும்? வரிசை மாறாதே" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. முகவையில் முதலாவதாக வந்தது கடலிலும் முதலாவதாக வரும் என்றால், எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன? என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

பாத்திக்குள் நின்ற கம்பி

பதில் ஆனையிறவில் கிடைத்தது. உப்பளத்தில் நெடுங்காலம் வேலை செய்து இப்போது ஓய்ந்திருக்கிற ஒரு அம்மா எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி. பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்காக அவரோடு பேசப் போயிருந்தோம். உப்பு விளையும் விதத்தைத்தான் கேட்க நினைத்தோம்: தண்ணீர் பாத்திக்குப் பாத்தி மாறி மாறிச் சுண்டுவது, முதலில் ஜிப்சம் படிவது, பிறகு உப்பு பூப்பது, அதை மரப்பலகையால் வாருவது. பேச்சு எங்கெங்கோ போய்க் கருவிகளுக்கு வந்தது. ஏன் எல்லாம் மரத்தில் செய்கிறீர்கள், இரும்பு தாங்காதா என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"தண்ணிக்குள்ளை கிடக்கிற இரும்புக்கு ஒண்டும் ஆகாது பிள்ளை" என்றார் அந்த அம்மா. "வெளியிலை எடுத்து வைச்சாத்தான் போகும்."

நான் இடைமறித்தேன். "உப்பு முத்தின தண்ணிக்குள்ளையோ அம்மா? அதிலைதானே கெதியாத் தின்ன வேணும்?"

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். நான் பாத்தனான்." சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் தன் வளவுக்குப் பின்னால் கிடந்த ஒரு கம்பியைக் காட்டினார். வாய்க்கால் பலகையைத் தாங்க முட்டுக் கொடுத்திருந்த கம்பியாம், எடுத்து வந்து ஆடு கட்ட வைத்திருந்தார். ஒரு முனை மண்ணுக்குள்ளும் முற்றிய உப்புத் தண்ணீருக்குள்ளும் நின்றது, மறுமுனை வெளியே. தண்ணீருக்குள் நின்ற பகுதியில் கறள் இருந்தது, ஆனால் தடிப்பு குறையவில்லை. தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில் கம்பி பாதிக்கும் குறைவாக மெலிந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. விரலால் தட்டினால் கொட்டியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எப்போதோ படித்த ஒரு வளைகோடு ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீரில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இரும்பு அரிபடும் வேகம் முதலில் ஏறும். 3 வீதத்தை ஒட்டி உச்சிக்குப் போகும். பிறகு இறங்கத் தொடங்கும். உப்பு இனிக் கரையாது என்கிற நிலையில், அதாவது 26 வீதம் அளவில், சுத்தமான தண்ணீரில் அரிபடுவதைவிடவும் குறைந்துவிடும். காரணம் ஒட்சிசன். இரும்பு கறளாக உப்பு மட்டும் போதாது, தண்ணீரில் கரைந்த ஒட்சிசனும் வேண்டும். உப்பு கூடக்கூடத் தண்ணீர் ஒட்சிசனைத் தாங்கி வைத்திருப்பது குறைகிறது. கொஞ்ச உப்பு மின்னைக் கடத்தி வேலையைச் சுலபமாக்கும், கூடிய உப்பு ஒட்சிசனை வெளியே தள்ளி வேலையை நிறுத்தும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய மிக மோசமான புள்ளியில், கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு.

தண்ணீர் மட்டத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். மெல்லிய ஈரம், தாராளமான காற்று, காய்ந்து காய்ந்து முற்றுகிற உப்பு, மறுபடி நனைதல். பாரா கப்பலின் தகடும் அதே இடத்தில்தான் ஓட்டையானது.

இதில் என்னை உலுக்கியது அடுத்த படி. அந்த அம்மா சொன்னது சாதாரண இரும்புக்குச் சரி. கறையில் உருக்கையோ உயர் எந்திரப்பிக் கலப்புலோகத்தையோ அதே பாத்திக்குள் போட்டால் கதை அப்படியே போகாது. அவை படலத்தை நம்பி வாழ்கிறவை. படலத்தை உடைப்பது குளோரைட்டு அயன்; குளோரைட்டு கூடக்கூடக் குழி விழத் தொடங்கும் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். ஒரு பக்கம் ஒட்சிசன் குறைந்ததால் ஆறுதல், மறுபக்கம் குளோரைட்டு கூடியதால் ஆபத்து. எந்தப் பக்கம் தராசு சாயும் என்பது கலவைக்குக் கலவை வேறுபடும். இரும்பு முழு உடம்பும் சமமாகக் கரைந்து மெலிகிறது, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே தெரியும். படலத்தை நம்பியது வெளியே மினுங்கிக்கொண்டே உள்ளே ஊசி முனை அளவில் துளைபட்டுப் போகும், ஒருநாள் தண்ணீர் ஒழுகும்போதுதான் தெரியும். ஆக, வரிசை மாறலாம். அதுதான் மருமகனுக்கு நான் கொண்டுபோன பதில். அவன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆட்டை என்னத்திலை கட்டி வைச்சிருக்கினம் இப்ப?" என்று மட்டும் கேட்டான்.

அத்தானின் படகு

அக்காவின் வீடு கரையோரம். அத்தானுக்கு ஒரு பைபர் படகும் எஞ்சினும். அவரிடம் இந்த உலோகத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அதிலை நட்டு போல்ட் செய்வாங்களே மச்சான்?" என்பது. அவருக்குத் தகடு பிரச்சினை இல்லை, பைபர் கறள் பிடிக்காது. அவருடைய வாழ்வு முழுக்கப் போல்ட்டுகளில் தொங்குகிறது.

அவர் கழற்றிக் காட்டிய ஒரு கறையில் உருக்குப் போல்ட் தலை புதுசு மாதிரி மினுங்கியது. வாசருக்குக் கீழே மறைந்திருந்த கழுத்துப் பகுதி தின்னப்பட்டிருந்தது. இடுக்குக்குள் சிக்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகும், படலம் தன்னைத் திருத்திக்கொள்ள வழியிருக்காது. வெளியிலிருந்து குளோரைட்டு உள்ளே இழுபட்டு வந்து சேரும், தண்ணீர் அமிலமாகும். ஒட்சிசன் இல்லாதது பாத்திக்குள் இரும்பைக் காப்பாற்றியது. அதே ஒட்சிசன் இல்லாமை வாசருக்குக் கீழே கறையில் உருக்கைக் கொன்றது. இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

எஞ்சினில் மாட்டியிருக்கும் நாகக் (துத்தநாகக்) கட்டியைப் பற்றி அத்தானுக்குத் தெரியாததில்லை. அது கரைந்தால்தான் மற்றது பிழைக்கும். 1824-இல் ஹம்பிரி டேவி ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்கு இதே உத்தியைச் செய்தார். செம்பு கரையாமல் நின்றது, ஆனால் செம்பு கரையாததால் நஞ்சு போய், அடியில் சிப்பியும் பாசியும் ஏறிக் கப்பல் ஊர்ந்தது. அத்தானுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது, கடற்கரையில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அதன் பின்னால் இருக்கிற எச்சரிக்கை புதிய உலோகத்துக்கும் பொருந்தும். நல்ல உலோகத்தில் போல்ட் செய்து அலுமினிய எஞ்சின் உடம்பில் மாட்டினால் கெடப் போவது அலுமினியம். தனியாக முகவைக்குள் கெட்டிக்காரனாக இருந்தது பக்கத்தில் இருப்பவனைத் தின்னும்.

என் அபிப்பிராயத்தில், எங்கள் கரைக்கு இந்த உலோகம் எப்போதாவது வந்தால் முழுக் கட்டியாக வராது. மலிவான உருக்கின்மேல் மெல்லிய பூச்சாக வரும். லேசர் கொண்டு உருக்கிப் படியவைப்பதும், சூடாக விசிறிப் பூசுவதும் இப்போதே நடக்கிற ஆய்வுகள். சுழலியின் விளிம்பிலும் தண்ணீர் இறைக்கிற பம்பிக்குள்ளும் கொஞ்சம் பூசினால் போதும். முல்லைத்தீவில் படகு மணலில் இழுபட்டு ஏறுவது. எஞ்சின் குடிக்கிற தண்ணீரில் பாதி மணல். அந்த மணல் படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், சுரண்டிய இடம் எவ்வளவு கெதியாக மறுபடி மூடுகிறது என்பதுதான் கேள்வி. அதை அசையாத முகவை சொல்லாது. பூச்சில் ஒரு கீறல் விழுந்து கீழே உருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே: பூச்சு தப்பும், கீறலுக்குள் உருக்கு போகும்.

தகடுகள்

அதனால் மருமகனின் கடைசி வருடச் செயற்றிட்டத்துக்கு நான் சொல்லியிருக்கும் யோசனை எளிமையானது. புதிதாக எதையும் உருக்க வேண்டாம். அதற்கான உலை எங்களிடம் இல்லை, கோபால்ட் வாங்கக் காசும் இல்லை. எங்களிடம் இருப்பது தண்ணீர். ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் திறந்த கடல், மாறிக்கொண்டே இருக்கும் களப்பு, அழுகின முட்டை மணக்கும் கறுப்புச் சேறு, முற்றிய உப்புப் பாத்தி நான்கும் வேறெங்கே கிடைக்கும்? சேறு ஏன் என்றால், அங்கே ஒட்சிசன் இல்லாவிட்டாலும் சல்பேற்றைத் தின்று வாழும் பற்றீரியா இருக்கிறது. பாத்திக்குள் பிழைத்த இரும்பை அது விட்டுவைக்காது. சாதாரண உருக்கு, நாகம் பூசியது, 304, மொலிப்டினம் சேர்ந்த 316 இவற்றில் ஒரே அளவுத் துண்டுகள் வெட்டி, நிறை பார்த்து, நான்கு தண்ணீரிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்று, நீர்மட்டத்தில் ஒன்று. வெளிநாட்டு ஆய்வுகூடம் எதுவாவது முத்திரை அளவு உயர் எந்திரப்பித் துண்டு அனுப்பினால் அதையும் பக்கத்தில் கட்டலாம். மருமகன் கடிதம் எழுதுகிறான்.

தொங்கவிட்ட இரும்பு அங்கேயே இருக்குமா என்பதுதான் உண்மையான தொழினுட்பச் சிக்கல். வன்னியில் ஆளில்லாமல் கிடக்கிற எந்த இரும்பும் ஒரு கிழமை தாங்காது, பழைய இரும்பு எடுக்கிறவர்களின் கண் அப்படி. துண்டுகளைச் சின்னதாக வெட்டி, தொட்டால் பெறுமதியில்லை என்று தெரிகிற மாதிரிச் சீமெந்துக் கட்டியில் பதிக்கச் சொல்கிறார் அத்தான். ஆனையிறவு அம்மா தன் பங்குக்குப் பேத்தியைக் கொண்டு பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் ஆய்வு முடிய உருக்குக் கம்பி ஒன்று தனக்கு வேண்டுமாம்.

நாளில்தான் இழுபறி. பரீட்சை முடித்துத் தையில் தொடங்கலாம் என்கிறான் மருமகன். தையில் தொடங்கினால் ஒரு முழு மாரி கைவிட்டுப் போய்விடும். நந்திக்கடல் உப்பிலிருந்து நன்னீருக்கு இறங்குவதையும் முகத்துவாரம் வெட்டினதும் மறுபடி ஏறுவதையும் தகடுகள் பார்க்க வேண்டும். புரட்டாசி முடியுமுன் வெட்டித் தரச் சொல்லிப் பட்டறை அண்ணையிடம் கொடுத்தாயிற்று. அவர் கூலி வேண்டாம் என்றுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: "வெட்டின துண்டை மட்டும் போட்டு என்ன காணப்போறியள்? இரண்டை ஒட்டியும் போடுங்கோ. ஒட்டுத்தான் முதல் போறது." அவர் சொல்வது சரி. 304-ஐ உருக்கி ஒட்டும்போது (வெல்டிங்) சூடு பட்ட ஓரத்தில் குரோமியம் காபனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், படலத்துக்குப் போதாமல் போகும். ஆகத் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது, சீமெந்துக் கட்டிகளும்தான். மருமகனுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.